காலி டிரம்மில் ஒரு கை தண்ணீர்

சிம்மக்கல், மதுரை
14-8-2002

தம்பி ஷாநவாஸுக்கு அக்கா ஜைத்தூன் எழுதுவது. ஸலாம்.

நலமா என்று கேட்கவில்லை. பெங்களூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

நீ அனுப்பிய தபால் வந்தது. உன் மச்சான் கடையில் வைத்தே உறையைப் பிரித்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கட்டுத் தாள். எல்லாம் இங்கிலீஷ். நடுநடுவே எறும்பு ஊர்ந்த மாதிரி கணக்கு. முதல் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாய். காலேஜ் படிக்கிற எதிர்வீட்டு ரோஷனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். "என் அக்கா மகள் அப்சானாவின் நினைவுக்கு" என்று போட்டிருக்கிறதாம். காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று நீ எழுதிய கட்டுரையாம்.

என் பிள்ளை பெயரை அச்சடித்து எனக்கே தபாலில் அனுப்புகிறாய். ஸ்டாம்பு ஒட்டி.

போன வருஷம் நோன்புக்கு முந்தி அவள் காய்ச்சலில் போனாள். ஒன்பது வயசு. நீ மண் போட வந்தாய். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதுவதற்குள் பஸ் ஏறிவிட்டாய், ஏதோ மீட்டிங் என்று. அந்த மீட்டிங்கில் பேசியதுதான் இந்தத் தாளா?

இதில் கொசுவைக் கொல்வதற்கு வழி எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று ரோஷனிடம் கேட்டேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இதுல கொசுவே இல்லக்கா. எக்ஸும் ஒய்யும்தேன் இருக்கு" என்றான். உன் மச்சான் சிரித்துவிட்டார். பிள்ளை போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். "மாப்ள அங்கன கொசுவுக்குக் கணக்கு வாத்தியாரா இருக்கான் போல" என்றார்.

என் பிள்ளையைக் கொன்றது எது என்று எனக்குத் தாள் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பத்மாசினி வீட்டுச் சாயத்தொட்டி. அவள் புருஷன் ஜனகராஜ் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவன், உனக்குத் தெரியுமே. அவர்கள் மகள் ரம்யாஸ்ரீக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. ஒரே மாங்காயை மாற்றி மாற்றிக் கடித்துத் தின்ற பிள்ளைகள். அது எழுந்து பள்ளிக்கூடம் போகிறது. என்னுடையது மண்ணுக்குள் கிடக்கிறது.

தெருவே கையெழுத்துப் போட்டு அவர்கள் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரரிடம் மனு கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. தீபாவளிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அஞ்சாங்கிளாஸ் படிச்சவள் செய்த வேலை இது. நீ உன் எக்ஸைக் கட்டிக்கொண்டு அழு.

போன் பண்ணாதே. பூத்தில் நின்று பேசினால் எனக்கு அழுகை வரும், மீட்டர் ஓடும். எழுதினால் திட்டவாவது முடிகிறது.

ஜைத்தூன்


பெங்களூர்
22-8-2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

அவள் பெயரைப் போட்டது தப்பென்றால் மன்னித்துவிடு. நான் வேறு என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெருவே கூடிக் கையெழுத்துப் போட்டதால் ஒரு பொய் மெய்யாகிவிடாது. அந்தக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. உப்பும் சாயமும் கலந்து, தினமும் கொட்டி மாற்றுகிற தண்ணீரிலும் வளராது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அசையாமல் கிடக்கிற தண்ணீர். பகலில்தான் கடிக்கும். ஜனகராஜ் அண்ணன் தொட்டியில் அது பிழைக்காது. சாக்கடைக்குப் புகை அடித்துவிட்டுப் போகிறார்களே, அதனாலும் பெரிய பிரயோசனமில்லை. நம் சனங்களுக்குக் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவதெல்லாம் நோய், சுத்தமாகத் தெரிவதெல்லாம் ஆரோக்கியம். இதைச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்.

என் கட்டுரையில் கொசு இல்லை என்று சிரித்தீர்கள். மச்சான் கடையிலிருந்து விசேஷ வீடுகளுக்கு வாடகைப் பாத்திரம் போகிறது. இத்தனை படி அரிசிக்கு எந்தத் தேக்சா, எவ்வளவு தண்ணீர் என்று அவர் வாயிலேயே வைத்திருக்கிறார். யார் வீட்டு அரிசி, யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்த்தா சொல்கிறார்? வீட்டையும் கல்யாணத்தையும் தள்ளிவிட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நானும் அதைத்தான் செய்கிறேன்.

காய்ச்சல் விறகு அடுப்பு மாதிரி. ஒரு கட்டை இன்னும் ஒரு கட்டைக்கு மேல் பற்ற வைத்தால் தீ வளரும். ஒன்றைக்கூடப் பற்ற வைக்க முடியாவிட்டால் தானே அணைந்துவிடும். எல்லாக் கட்டைகளையும் நனைக்க வேண்டியதில்லை. எங்கே ஒன்றிலிருந்து பலதுக்குப் போகிறதோ அந்த இடத்தை நனைத்தால் போதும். அந்த இடம் எது என்பதுதான் கேள்வி. அது கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை, கணக்கில்தான் தெரியும்.

எனக்கென்னவோ தண்ணி லாரி மேல் சந்தேகமாக இருக்கிறது. போன வருஷத்திலிருந்து காய்ச்சல் எங்கெங்கே வந்தது, யார் யாருக்கு என்று உனக்குத் தெரிந்தவரை எழுது. திட்டிக்கொண்டே எழுதினாலும் சரி.

அதுவரை அந்த மனுவை நிறுத்திவை அக்கா. அவர்கள் எங்கே போவார்கள்?

உன் தம்பி
ஷாநவாஸ்


சிம்மக்கல்
5-9-2002

தம்பிக்கு,

யார் வீட்டு அரிசி என்று பார்க்காமல் தண்ணீர் வைக்கிறவன் ஒருநாள் குழைத்து இறக்குவான், ஒருநாள் நெரியரிசியாக இறக்குவான். பழைய அரிசிக்கு ஒரு தண்ணீர், புது அரிசிக்கு ஒரு தண்ணீர். இது தெரியாத நீ தேக்சாவைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். இருபது வருஷம் படித்து விறகு நனைந்தால் எரியாது என்று கண்டுபிடித்திருக்கிறாய். சம்பளம் வேறு தருகிறார்கள்.

தண்ணி லாரியாம்! சிம்மக்கல் தண்ணி லாரி கொட்டாம்பட்டிக்குப் போகுமா? காய்ச்சல் போயிருக்கிறதே.

நீ கேட்டாய் என்பதற்காக எழுதவில்லை. உன் லாரி பொய் என்று காட்டுவதற்காக எழுதுகிறேன். போன வருஷம் இங்கே ரம்யாஸ்ரீ, பிறகு என் பிள்ளை. அதற்கப்புறம் யானைக்கல் முட்டைக்கடைக்காரர் வீடு. அங்கே மகளுக்குக் கல்யாணம், மறுவீடு, விருந்து என்று ஓயாமல் நடந்தது. விருந்து ஓய்வதற்குள் மூன்று பேர் படுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. பிறகு மேலூரில் உன் மச்சானின் தங்கச்சி வீடு. மாமனார் மௌத்தாகி, நாற்பதாம் பாத்திஹா நெருங்குகிற சமயம், பிள்ளைகள் அத்தனைக்கும் காய்ச்சல். பிறகு கொட்டாம்பட்டிப் பக்கம் மலையம்மாள். நம் கடைக்கு வாழையிலை கொண்டுவருவாளே, அவள்தான். பேரனுக்குக் காதுகுத்து வைத்தாள். அது முடிந்ததும் மருமகள் படுத்து, பிழைத்தது பெரிய பாடு. அந்த ஊரில் சாக்கடையும் கிடையாது, லாரியும் கிடையாது.

கொசு பஸ் பிடித்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வண்டி மாறிக் கொட்டாம்பட்டி போயிருக்கும். உன் கணக்கில் அதற்கு டிக்கெட் போட்டுக்கொள்.

பத்மாசினி தொட்டிதான் என்று நான் சொல்வதை மாற்ற மாட்டேன். இங்கே வந்தவர்கள், போனவர்கள் யாராவது கொண்டு போயிருப்பார்கள்.

பிள்ளைக்காக நீ தாள் அச்சடித்தாய். நான் என்ன செய்தேன் என்று கேட்கவே இல்லை. கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். மௌத்தான வீட்டுக்கு நம் கடைத் தண்ணீர் டிரம் வாடகை இல்லாமல் போகிறது. அப்சானா பேரால் விட்டிருக்கிறேன். முதல் நாள் அனுப்பினால் நாற்பது கழியும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இந்துவா, முஸ்லிமா என்று பார்ப்பதில்லை. மூலையில் கிடந்த நீல டிரம்மெல்லாம் இப்போது போவதும் வருவதுமாக இருக்கிறது. திருப்பிக் கொண்டுவருகிறவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால் கொடுத்தவர் வீட்டுப் பரக்கத்து போய்விடும் என்று அடியில் ஒரு கை தண்ணீர் விட்டுத்தான் கொண்டுவருவார்கள். நானும் அதைக் கொட்டுவதில்லை. கொட்டலாமா? கொல்லையில் வரிசையாக நிறுத்திவைத்து, வெயிலில் தானாக வற்றட்டும் என்று விட்டுவிடுவேன். ஒவ்வொரு டிரம்மும் போகும்போது என் பிள்ளைக்கு துஆ வருகிறது. உன் தாளுக்கு என்ன வந்தது?

மனுவை நிறுத்த மாட்டேன்.

ஜைத்தூன்


பெங்களூர்
14-9-2002

அக்கா,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. மச்சானிடம் இப்போது காட்ட வேண்டாம். ரோஷனிடமும் கொடுக்காதே. உனக்குப் புரிகிற மாதிரி தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.

லாரி என்று நான் சொன்னது தப்பு. நீ எழுதியதை வைத்து ஒரு படம் போட்டேன், கூட வைத்திருக்கிறேன். சிரிக்காமல் பார். ஒவ்வொரு வட்டமும் காய்ச்சல் வந்த ஒரு வீடு. தெருவையும் ஊரையும் எடுத்துவிட்டேன். தூரத்தையும் எடுத்துவிட்டேன். யார் ஏழை, யார் எந்தச் சாதி, எந்த மார்க்கம் என்பதெல்லாம் இதில் இல்லை. அதையெல்லாம் எடுத்த பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்தக் காய்ச்சல் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. அது தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. கொசு அவ்வளவு தூரம் பறக்காது. காய்ச்சல்காரன் ஒருவன் எங்கே வேண்டுமானாலும் போவான், வருவான். அவன் போகிற வீடெல்லாம் பற்றிக்கொள்ளாது. கொசு காத்திருக்கிற வீட்டில்தான் பற்றும். அப்படியென்றால் இந்த வீடுகளுக்கெல்லாம் ஏதோ ஒன்று கொசுவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அது ஒரே இடத்திலிருந்து போயிருக்க வேண்டும். அதனால் நடுவில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். எல்லாக் கோடும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. அது இல்லாமல் இந்தப் படம் நிற்காது. அதற்குள் நான் பெயர் எழுதவில்லை.

நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். கொல்லையில் நன்றாகக் காய்ந்து கிடக்கிற ஒரு டிரம்மை எடு. கழுவாதே, துடைக்காதே. பைப்பிலிருந்து வருகிற புதுத் தண்ணீரை முக்கால்வாசி ஊற்று. உடனே வெள்ளைத் துணியால் வாயை இறுக்கிக் கட்டிவிடு, வெளியிலிருந்து ஒரு கொசுகூட உள்ளே போகக் கூடாது. நிழலில் வை. பக்கத்தில் ஒரு குடத்தில் பத்மாசினி அக்கா வீட்டுச் சாயத்தொட்டித் தண்ணீரை எடுத்து, அதையும் அதே மாதிரி கட்டிவை. நாலைந்து நாள் கழித்துப் பார்.

ஏன் என்று கேட்காதே. நான் நினைப்பது தப்பாக இருந்தால் நீ என் தாளைக் கிழித்து அடுப்பில் போடலாம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஷாநவாஸ்


சிம்மக்கல்
21-9-2002

தம்பிக்கு,

செய்தேன். உன் முகத்தில் காறித் துப்புவதற்காகவே செய்தேன்.

பூசணிக்காய்க்குக் கை கால் வைத்த மாதிரி ஒரு படம் போட்டு அனுப்பியிருக்கிறாய். மேலூர் ஒரு வட்டம், கொட்டாம்பட்டி ஒரு வட்டம். மலையம்மாள் இதைப் பார்த்தால் வடகம் காயப்போட்டிருக்கிறது என்று சொல்வாள்.

டிரம்மில் தண்ணீர் ஊற்றியாயிற்று. கட்டுவதற்கு வெள்ளைத் துணி தேடினேன். வீட்டில் இருந்தது பிள்ளை ஓதப் போகும்போது தலையில் போடுகிற துணிதான். அதைத்தான் கட்டியிருக்கிறேன். உன் விளையாட்டுக்கு அதுவும் போயிற்று.

சாயத்தண்ணீருக்கு அவளிடம் போய் நிற்க முடியுமா? பேச்சு நின்று எத்தனை மாசமாயிற்று. அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தை விட்டு மொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் தொட்டிக்குப் பின்னால் துணி பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா, கேட்டா தர மாட்டேனா? திருடிக் குடிக்கிற அளவுக்கா எங்க தொட்டித் தண்ணி ருசியா இருக்கு?" என்றாள்.

"ஒந்தொட்டில என்ன வளக்குறன்னு ஊருக்குக் காட்டப் போறேன்டி" என்றேன்.

"காட்டுங்க. செவப்பு வேணுமா, பச்ச வேணுமா? இன்னொரு கொடம் வேணும்னாலும் மொண்டுக்கங்க. தீபாவளிக்கு அப்பறம் கெடைக்காது" என்றாள். சிரிக்கவில்லை.

எடுத்துக்கொண்டு வந்து கட்டிவைத்தேன். ஊற்றிய மறுநாளே துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். டிரம்மில் ஒன்றுமில்லை. பைப் தண்ணீர் பைப் தண்ணீராகவே இருக்கிறது. என் முகம்தான் தெரிந்தது. சாயத்தண்ணீரில் சாயம் இருக்கிறது. அவ்வளவுதான் உன் கணக்கு. திரும்பக் கட்டி வைத்திருக்கிறேன், நீ சொன்ன நாள் வரைக்கும் கிடக்கட்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே பார்த்துவிட்டாய் என்று ஒரு சாக்குச் சொல்வாய்.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு டிரம் கேட்டிருக்கிறார்கள். அதுவும் பிள்ளை பேரால்தான். பத்து டிரம் ஒதுக்கிவிட்டேன்.

தாளை அடுப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தாயிற்று.

ஜைத்தூன்


சிம்மக்கல்
25-9-2002

ஷாநவாஸ்,

துணியை அவிழ்த்தேன்.

சாயக் குடத்தில் ஒன்றுமில்லை.

டிரம்மில் நெளிகிறது. நூல் துண்டு மாதிரி. கையைக் காட்டினால் அடிக்குப் போகிறது, எடுத்தால் மேலே வருகிறது. எண்ண முடியவில்லை. துணி கட்டியபடியே இருந்தது, எதுவும் உள்ளே போகவில்லை. தண்ணீர் பைப்பில் பிடித்தது, வீட்டில் அதே தண்ணீரைச் சொம்பில் மூடி வைத்திருந்தேன், அதில் ஒன்றுமில்லை.

அப்படியென்றால் டிரம்மில் இருந்தது. காய்ந்த டிரம்மில். எப்படி இருக்கும்? நான் கையை விட்டுத் தடவிப் பார்த்தவள்.

உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நடுவில் இருக்கிற வட்டம் யார் என்று தெரிந்துதான் பெயர் எழுதாமல் விட்டாய்.

ஜைத்தூன்


பெங்களூர்
2-10-2002

அக்கா,

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கணக்கு அங்கே ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னது. கல்யாணம், காதுகுத்து, மௌத்து என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு நீல டிரம்தான் கண்ணில் வந்தது. நான் அந்தக் கடையில் டிரம் உருட்டி வளர்ந்தவன்தானே.

அந்தக் கொசு தண்ணீருக்குள் முட்டை இடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாசக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். கறுப்புத் தூசி மாதிரி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மறுபடி தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்துவிடும். டிரம்மை மாசக்கணக்கில் ஒரே வீட்டில் நிறைத்து வைத்தால் சொல்லவே வேண்டாம். அடியில் விடுகிற அந்த ஒரு கை தண்ணீர்தான் கொசுவை நம் கொல்லைக்குக் கூப்பிட்டிருக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரையும் சோப்புத்தூளையும் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அலச வேண்டும். பிறகு கவிழ்த்து வைக்க வேண்டும். ஒரு முட்டைகூட மிச்சமிருக்கக் கூடாது என்பதில்லை. ஒரு காய்ச்சல் ஒன்றுக்கும் குறைவாகப் பற்ற வைக்கிற அளவுக்கு வந்துவிட்டால் போதும், மீதியை அதுவே அணைத்துக்கொள்ளும். பள்ளிவாசலுக்குப் போகிற டிரம்மை முதலில் தேய்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதே. மச்சான் கடை படுத்துவிடும். ஊர் உன்னைத் தூற்றும். மனுவை மட்டும், மனசு மாறிவிட்டது என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள். தேய்த்தால் போதும் அக்கா. கணக்கு அவ்வளவுதான் கேட்கிறது.

ஷாநவாஸ்


சிம்மக்கல்
28-11-2002

தம்பிக்கு,

பதில் எழுத நாளாயிற்று. கை ஒழியவில்லை. விரலெல்லாம் நாரில் தேய்ந்து பேனா பிடிக்க வரவில்லை.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். உன் எக்ஸ் சரி. நோன்பு பாதிக்கு மேல் போய்விட்டது. பள்ளிவாசலில் தெருப் பிள்ளைகள் எல்லாம் தூக்குவாளியோடு கஞ்சிக்கு வந்து நிற்கிறார்கள், ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. மழையும் பெய்தது. மேலூரிலும் இல்லை. நான் இங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, நீ அங்கே உட்கார்ந்து வடகம் போட்டு, என் கொல்லையில் இருந்ததைப் பார்த்துவிட்டாய். கண்ணால் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. இருந்தாலும் தாளை அடுப்பில் போடவில்லை.

இப்போது திட்டுகிறேன்.

கணக்கு அவ்வளவுதான் கேட்கிறது என்று எழுதினாயே. கணக்குக்கு வாய் ஏது கேட்பதற்கு? உனக்கு இருந்தது. பெரிய படிப்புப் படித்து, நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, கடைசியில் மூடி வை என்கிறாய். டிரம்முக்குத் துணி கட்டச் சொன்ன மாதிரி என் வாய்க்கும் கட்டச் சொல்கிறாய். மனசு மாறிவிட்டது என்று சொல்ல வேண்டுமாம். என் மனசு மாறவில்லை. எனக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவன் நீ எப்படித்தான் பாஸானாயோ.

உன் மச்சானிடம் அன்றைக்கே சொன்னேன். டிரம்முக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம புள்ளயவா ஜைத்தூனு?" என்றார். அவ்வளவுதான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பில் வெந்நீர் வைத்தார். அவர் ஊற்ற, நான் தேய்த்தேன். மலையம்மாள் இலை கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். அவளிடமும் சொன்னேன். மருமகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள். என்னை அடித்திருக்கலாம். "நீயா வேணும்னு செஞ்ச? நகரு" என்று நாரைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இலைக்கட்டு வெயிலில் வாடியது.

மறுநாள் பத்மாசினி வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். உன் படத்தையும் காட்டினேன். நடுவட்டத்தில் நீ எழுதாமல் விட்ட பெயரை நான் எழுதியிருந்தேன். ஜைத்தூன் என்று, கோணல்மாணலாக. அவள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ளைக்கும் ஒங்க டிரம்தான்" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"என் வீட்டு வாசல்ல நின்னு மண்ணள்ளித் தூத்துனீங்களேக்கா. நா எத்தன நா அழுதேன் தெரியுமா? ஒங்க புள்ளைக்காகவும் அழுதேன். அது தெரியுமா?"

உன் படத்தில் இதற்கெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறாயா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுக்காரரிடம் போனேன். "மொதக் கையெழுத்தே ஒன்னோடதுதானம்மா. இப்ப நீயே வந்து வேணாங்குற. ஒனக்குப் புத்தி கலங்கிருச்சா?" என்று கேட்டார். டிரம் கதையைச் சொன்னேன். தெருவுக்குள் அது நான் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் பரவிவிட்டது. உன் காய்ச்சலைவிட வேகம். ஒன்று இன்னொன்றுக்கு மேல் பற்ற வைத்தால் தீ வளரும் என்றாயே, அது இதுதான் போலிருக்கிறது. முட்டைக்கடைக்காரர் வீட்டில் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாடகைக்கு ஆள் குறைந்துவிட்டது. குறையட்டும். வருகிறவர்களிடம் ஒன்று சொல்லித்தான் கொடுக்கிறேன், திருப்பும்போது தண்ணீர் விடக் கூடாது, காய வைத்துத் தர வேண்டும் என்று. "அது எப்புடிக்கா, வெறுமையாவா திருப்புறது? அபசகுனமாச்சே" என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பரக்கத்து எப்போதோ போயிற்று, நீங்கள் பயப்படாமல் திருப்புங்கள் என்கிறேன்.

மனு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் பத்மாசினி இருக்கவில்லை. தீபாவளி கழிந்ததும் கிளம்பிவிட்டாள். வேறு பக்கம் அவள் அண்ணன் உமேஷ் வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறானாம். "மனுவுக்குப் பயந்து போகலக்கா. அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு இனி என்னால இருக்க முடியாது" என்றாள்.

போகிற அன்றைக்கு ரம்யாஸ்ரீ கடை வாசலில் வந்து நின்றாள். வளர்ந்துவிட்டாள். என் பிள்ளையும் அந்த உயரம் இருக்கும். "அத்த, அம்மா ஒரு டிரம் வாடகைக்கு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. சும்மா வேணாமாம், வாடகைக்குத்தான் வேணுமாம்" என்றாள். புது வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்க ஒன்றும் இல்லையாம். தேய்த்துத் தேய்த்து உள்ளே வெளுத்துப் போன ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாடகையை வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அது டிரம்மை எடுக்காமலே திரும்பிப் போயிருக்கும்.

நேற்று டிரம் திரும்பி வந்தது. ரம்யாஸ்ரீதான் ஆட்டோவில் கொண்டுவந்தாள். இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினாள்.

அவள் போன பிறகு உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுவரெல்லாம் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் காய வைத்து அனுப்பியிருக்கிறாள். சீயக்காய் வாசம் வந்தது. இந்தத் தெருவில் யாரும் யாருக்கும் பாத்திரத்தை அப்படித் திருப்பியதில்லை. போன வருஷம் அப்படித் திருப்பியிருந்தால் அவள் வாசலில் போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

இனி என் வீட்டில் பரக்கத்து ஒன்றும் மிஞ்ச வேண்டாம் என்று துடைத்தாளா, இன்னொரு பிள்ளை போகக் கூடாது என்று துடைத்தாளா? வட்டத்தையும் கோட்டையும் வைத்துக்கொண்டு நீ இதைக் கண்டுபிடி. உனக்கு நேரம் இருக்கிறது. பெருநாளைக்கு வருவதாக இருந்தால் வா. வராவிட்டாலும் எழுது.

நான் டிரம்மைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜைத்தூன்